நாவலின் ஓரத்தில் இருந்த போர், படத்தில் மாறிக்கொண்டே இருக்கும் முகம்: 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' குறித்து ஒரு கேள்வி

தஞ்சோங் வாசகி, பினாங்கு

அன்பர்களுக்கு வணக்கம். டயானா வின் ஜோன்ஸ் 1986ஆம் ஆண்டில் எழுதிய மாயக்கதை நாவலைப் படித்து முடித்த கையோடு, ஹயாவோ மியாசாகி 2004இல் அதைத் தழுவி எடுத்த அனிமேஷன் படத்தை என் மகளுடன் பார்த்தேன். நாவலின் சோஃபி மூன்று சகோதரிகளில் மூத்தவள். மூத்த பிள்ளைக்கு எதுவும் வாய்க்காது என்ற கதைமரபையே தன் தலையெழுத்தாக ஏற்றுக்கொண்டவள். படத்தில் அந்த இழை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதற்கு மாறாக, நாவலின் ஓரத்தில் பேச்சளவில் வந்துபோகும் போர் படத்தின் வானத்தையே அடைத்துக்கொள்கிறது. இது மூலக்கதைக்குச் செய்த அநீதியா?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். சாபத்தால் கிழவியான சோஃபி ஒரு காட்சியில் கூனிக் குறுகியும், அடுத்ததில் நிமிர்ந்தும், சில நொடிகள் இளம்பெண்ணாகவும் தெரிகிறாள். "அம்மா, சாபம் எப்போது தீர்ந்தது?" என்று மகள் கேட்டபோது என்னால் விடை சொல்ல முடியவில்லை.

செந்தூல் அன்பர், கோலாலம்பூர்

சகோதரி, உங்கள் மகளின் கேள்விதான் படத்தின் மையம் என்று நான் கருதுகிறேன்; ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சோஃபியின் வயது மாறும் இடங்களை வரிசையாகக் கவனித்துப் பாருங்கள். தூங்கும்போது அவள் இளம்பெண். அரண்மனையில் அரச மந்திரவாதியான சுலிமான் அம்மையாரின் முன் நின்று, நடக்கும் கோட்டையின் சொந்தக்காரனான இளம் மந்திரவாதி ஹவுலுக்காக வாதாடும்போது, பேசப் பேச முதுகு நிமிர்ந்து, சுருக்கங்கள் மறைந்து இளமை திரும்புகிறது; "நீ அவனைக் காதலிக்கிறாய்" என்று சுலிமான் சுட்டிக்காட்டியதும் அந்த நொடியிலேயே முதுமை வந்து அவளை மூடிக்கொள்கிறது. பூக்கள் நிறைந்த புல்வெளியிலும் அப்படித்தான். மகிழ்ச்சியில் இளையவளாக நின்றவள், தான் அழகி அல்லள், தனக்குத் துப்புரவு வேலை மட்டுமே கைவரும் என்று சொன்னவுடன் மறுபடியும் கிழவியாகிறாள். சாபத்தைப் போட்டவள் பாழ்நிலச் சூனியக்காரிதான்; ஆனால் அதைத் தன்மீது இழுத்துப் போர்த்திக்கொள்பவள் சோஃபியே.

இதை மியாசாகி புதிதாகச் சேர்த்துவிடவில்லை என்பதை நாவலைப் படித்த நீங்கள் நினைவுகூர்வீர்கள். சாபத்தை நீக்கத் தான் பலமுறை முயன்று தோற்றதாகவும், அவளுக்கே அந்த வேடம் பிடித்திருக்கிறது போலும் என்ற முடிவுக்கு வந்துவிட்டதாகவும் ஹவுலே நாவலில் சொல்கிறான். அங்கே ஓரிரு வரிகளில் முடிந்துபோகும் அந்த எண்ணம், படத்தில் கோடாகவும் நிறமாகவும் இரண்டு மணி நேரம் நீடிக்கிறது. சகோதரிகளின் கதை சுருங்கியிருக்கலாம். தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளும் அந்த மூத்த பெண் எங்கும் போய்விடவில்லை, முகத்திற்குள் இருக்கிறாள். ஜப்பானிய மூலத்தில் சியேகோ பைஷோ என்னும் ஒரே நடிகை, அறுபது வயதைக் கடந்த நிலையில், பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் தொண்ணூறு வயதுக் கிழவிக்கும் குரல் கொடுத்திருப்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆகவே சாபம் தீர்ந்த நொடி என்று ஒன்று இல்லை. முடிவிலும் அவளுடைய தலைமுடி வெள்ளியாகவே இருக்கிறது.

பாலிக் புலாவ் ஆசிரியர், பினாங்கு

போரைப் பற்றி நான் சொல்கிறேன். மியாசாகி 1941 ஜனவரியில் தோக்கியோவில் பிறந்தவர். அவருடைய குடும்பத்தின் தொழிற்சாலை ஜப்பானியப் போர் விமானங்களுக்குச் சுக்கான்கள் செய்து கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான் நம் ஜார்ஜ்டவுன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. எங்கள் பாட்டி அன்று கடைவீடுகளின் முன்புற நடைபாதையான அஞ்சடியில் நின்று, வேடிக்கை பார்க்க வந்த மற்றவர்களைப் போலவே வானத்தை அண்ணாந்து பார்த்தவர். விமானங்கள் வெயிலில் மின்னியது அழகாக இருந்தது என்பதைத்தான் அவர் எப்போதும் முதலில் சொல்வார். மற்றவற்றைச் சொல்ல அவருக்கு நேரம் பிடிக்கும்.

படத்தின் தொடக்கத்தில் கொடிகளும் வாத்தியங்களுமாகப் படையணி புறப்படுவதையும், மக்கள் ஆரவாரம் செய்வதையும் பார்த்தபோது எனக்குப் பாட்டியின் நினைவுதான் வந்தது. பிரான்சின் கொல்மார் நகரை ஒத்த அந்த மரச்சட்ட வீடுகளை அவ்வளவு அன்போடு தீட்டிவிட்டுப் பிறகு அவற்றின்மீதே நெருப்பைப் பொழிய வைப்பது, பறக்கும் கருவிகளை நேசித்துக்கொண்டே அவை செய்யும் வேலையை வெறுக்கும் ஒருவரால்தான் இயலும். தலைக்கு மேல் செல்லும் விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று சோஃபி கேட்கும்போது, எதுவானால் என்ன என்கிறான் ஹவுல். ஈராக் போர் நடந்த காலத்தில் உருவான படம் இது. 2003இல் தமக்குக் கிடைத்த ஆஸ்கார் விருதை வாங்க மியாசாகி நேரில் போகாததற்கும் அந்தப் போரே காரணம் என்று பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

குமிழைத் திருப்பி நிறத்தை மாற்றினால் வெவ்வேறு இடங்களுக்குத் திறக்கும் கோட்டைக் கதவையும் பாருங்கள். நாவலில் கறுப்பு நிறத்துக்குத் திருப்பினால் கதவு வேல்ஸ் நாட்டில், ஹவுலின் அக்காள் வீட்டுப் பக்கம் திறக்கும். அது நகைச்சுவைக்கு இடம் தரும் பகுதி. படத்தில் அதே கறுப்புக் கதவின் வழியாக அவன் போருக்குப் பறந்து, இறகு முளைத்த மிருகமாகத் திரும்பி வருகிறான். ஒவ்வொரு முறையும் மனித உருவுக்கு மீள்வது கடினமாகிக்கொண்டே போகிறது.

தஞ்சோங் வாசகி, பினாங்கு

ஐயா, உங்கள் பாட்டியின் நினைவைப் பகிர்ந்தமைக்கு நன்றி. செந்தூல் அன்பர் சொன்னபடி நேற்றிரவு புல்வெளிக் காட்சியை மட்டும் மகளுடன் மறுபடியும் பார்த்தேன். சோஃபியின் முகம் மாறும் வார்த்தையை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

ஆயினும் முடிவைப் பற்றிய என் மனக்குறை தீரவில்லை. அவ்வளவு பெரிய போரை, சோளக்கொல்லைப் பொம்மை இளவரசனாக மாறியதும் சுலிமான் அம்மையார் ஒரே சொல்லில் நிறுத்திவிட முடிகிறதே?

செந்தூல் அன்பர், கோலாலம்பூர்

அந்தக் குறை எனக்கும் உண்டு, சகோதரி. முகத்தில் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் பொறுமையாக நேரம் கொடுத்த படம், போரை முடிக்க அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை.