ஹிர்வானியின் 16 விக்கெட்: சேப்பாக்கத்தின் உச்சம் அதுதானா?

வாலாஜா ரோடு வாசி:
சேப்பாக்கத்தில் நடந்ததிலேயே பெரிய பந்துவீச்சு எது என்று யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘நரேந்திர ஹிர்வானி, 16/136’ என்கிறார்கள், அதாவது 136 ரன் கொடுத்து 16 விக்கெட். நேற்று ஆபீஸ் கேன்டீனில் இதே சண்டை. தோற்றவர் ஒரு வாரம் காபி வாங்கித் தரவேண்டும் என்பது பந்தயம். அங்கே முடியவில்லை, இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

நான் மறுக்கும் கட்சி. 1988 பொங்கல் டெஸ்ட். தொடரில் வெஸ்ட் இண்டீஸ் 1-0 முன்னிலை, இது கடைசி ஆட்டம். 19 வயதுப் பையன், முதல் டெஸ்ட், இரண்டு இன்னிங்ஸில் 8/61, 8/75. லார்ட்ஸில் 1972-ல் பாப் மாஸி தன் முதல் டெஸ்டில் எடுத்தது 16/137. ஒரே ஒரு ரன் குறைவாகக் கொடுத்ததால் அறிமுக சாதனை இன்றுவரை ஹிர்வானி பெயரில் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் அந்த பிட்ச்? சரியாகத் தயார் செய்யாத களம் என்று அப்போதே ஊரெல்லாம் பேச்சு. பந்து போட்டால் திரும்புகிற மண்ணில் லெக் ஸ்பின்னர் விக்கெட் எடுத்ததற்கு என்ன இவ்வளவு மேளம்?

என் ஓட்டு வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸுக்கு. 1975 ஜனவரி, இதே சேப்பாக்கம், 7/64, 5/57. மொத்தம் 12/121. வேகப்பந்து வீச்சாளர், வெளியூர்க்காரர், அணி தோற்றது. அப்படியும் 12.

பாஜி பக்தன்:
பாஸ், தலைப்பே தப்பு. ஹிர்வானியா ராபர்ட்ஸான்னு கேக்கறீங்க, நடுவுல 2001-ஐ யார் திருடிட்டுப் போனது? ஹர்பஜன் 7/133, 8/84. மொத்தம் 15/217. எதிரே யாரு? தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயிச்சுட்டு வந்த ஆஸ்திரேலியா, கொல்கத்தாலதான் சறுக்கினாங்க. அப்ப கும்ப்ளே தோள்பட்டை காயத்துல வெளிய. மூணு டெஸ்ட்ல ஹர்பஜன் 32 விக்கெட். இந்தியாவுல மத்த யாரும் மூணைத் தாண்டல. மூணு!

கேலரிக்கிழம்:
வாலாஜா தம்பி, 1988-ல் நான் மைதானத்துக்குள் இருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது, தூக்குவாளியில் எலுமிச்சை சாதம், பக்கத்தில் என் மைத்துனன். அந்தப் பையன் கண்ணாடி போட்டுக்கொண்டு, நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டு வந்தான். பார்த்தால் டியூஷனுக்குப் போகிற பிள்ளை மாதிரி. ‘இவனை ரிச்சர்ட்ஸ் உயிரோடு விடுவானா?’ என்றான் மைத்துனன். முதல் இன்னிங்ஸில் ரிச்சர்ட்ஸ் 68 அடித்தார். அப்புறம் போல்ட். எறிந்தவன் டியூஷன் பையன்.

பிட்ச் திரும்பியது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன், பதில் சொல்லுங்கள். அதே பிட்ச்சில் நாம் முதல் இன்னிங்ஸில் எவ்வளவு அடித்தோம்? 382. கபில் 109. நம்ம ஊர் டபிள்யூ.வி. ராமனுக்கும் அது முதல் டெஸ்ட், இரண்டாவது இன்னிங்ஸில் 83. அவர்கள் எடுத்தது 184, 160. மண் எல்லோருக்கும் ஒன்றுதானே?

வாலாஜா ரோடு வாசி:
சார், அவர்களிடம் ஹிர்வானி மாதிரி ஸ்பின் போட ஆள் எங்கே? வேகப்பந்தையே பெரிதும் நம்பிக்கொண்டு சுழல் பிட்ச்சில் ஆடினால் 382 போகத்தான் செய்யும். அதனால்தான் சொல்கிறேன், அந்த மண் ஒரு கட்சிக்கு மட்டும் உழைத்தது.

லெக்பிரேக் லோகு:
அண்ணே, மதுரையில 14 வருசம் லீக் கிரிக்கெட்ல லெக் ஸ்பின் போட்டவன்கிற உரிமையில ரெண்டு வார்த்தை.

நீங்க எல்லாரும் 16-ஐப் பார்க்குறீங்க. நான் பார்க்குறது 6. அந்த டெஸ்ட்ல நம்ம கீப்பர் கிரண் மோரே 6 ஸ்டம்பிங். அதுல 5 ரெண்டாவது இன்னிங்ஸ்ல மட்டும். பிட்ச் எடுத்த விக்கெட்னா என்ன? பந்து தரையில பட்டு எகிறும், இல்ல உருளும், பேட்ல பட்டு ஷார்ட் லெக் கைக்குப் போகும். பேட்ஸ்மேன் நாலு அடி இறங்கி வந்து, பந்து இங்க விழும்னு நம்பி, அது அரையடி முன்னாலயே விழுந்து, திரும்பிப் பாக்குறதுக்குள்ள பெயில்ஸ் கீழ கிடந்தா, அவன் ஏமாந்தது காத்துல. மண்ணுல இல்ல. லெக் ஸ்பின்னருக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது.

அப்புறம் ஹிர்வானியோட அந்த ஃபிளிப்பர். கட்டை விரலுக்கும் முதல் ரெண்டு விரலுக்கும் நடுவுல பந்தை வச்சு, விரலைச் சொடுக்குற மாதிரி கைக்கு அடியிலிருந்து பிதுக்கணும். பந்து பின்பக்கமா சுத்திக்கிட்டே வந்து, விழுந்ததும் எழும்பாம வழுக்கிட்டுப் போகும். நான் ரெண்டு வருசம் முயற்சி பண்ணேன், கட்டை விரல் வீங்கினதுதான் மிச்சம். எல்லாப் பந்தும் திரும்புற பிட்ச்ல திரும்பாத பந்துதான் எமன். அதை முதல் டெஸ்ட்ல, ரிச்சர்ட்ஸுக்கு எதிரா போடத் தைரியம் வேணும்ணே.

வாலாஜா ரோடு வாசி:
லோகு, இது நல்ல பாயின்ட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேட்ஸ்மேன் ஏன் இறங்கி வருகிறார்? கிரீஸில் நின்றால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. பயத்தில் இறங்கி வருகிறார். அந்தப் பயத்தை விதைத்தது யார்? பிட்ச். சுற்றி வளைத்து அங்கேயேதான் வருகிறோம்.

பாஜி பக்தன்:
அதனாலதான் சொல்றேன், ஹர்பஜனைப் பாருங்க. அங்க இந்த பிட்ச் சாக்கே செல்லாது. ஹேடன் 203 அடிச்ச பிட்ச் அது. ஸ்வீப், ஸ்வீப், ஸ்வீப். நாம 501. ஆஸ்திரேலியா 340க்கு 3-ல இருந்தாங்க. ஸ்டீவ் வா பந்தைக் கையால தள்ளி அவுட் ஆனார், அங்கிருந்து 391-க்கு ஆல் அவுட். ஐம்பத்தோரு ரன்னுக்குள்ள வீடு காலி.

இன்னொண்ணு. 155 அடிக்கணும், நம்ம ஆளுங்க 8 விக்கெட்டை விட்டுட்டாங்க. சமீர் திகே ஒரு பக்கம் நிக்கிறார். கடைசியில மெக்ராத் பந்தை பாயின்ட் பக்கம் தட்டி ஜெயிக்க வச்சது யாரு? அதே சர்தார்தான். 15 விக்கெட் எடுத்தது போதாதுன்னு வெற்றி ரன்னும் அவரே. ஹிர்வானி பேட் பிடிச்சா என்ன ஆகும்னு கிழவர்கிட்டயே கேளுங்க.

கேலரிக்கிழம்:
ஹிர்வானியை பேட்டை வைத்து எடை போட்டால் ஊரில் ஒரு ஸ்பின்னரும் மிஞ்ச மாட்டான் தம்பி. ஆனால் 2001 பெரிய டெஸ்ட், அதில் சண்டை இல்லை.

மயிலாப்பூர் மணி:
சலீம் துரானியை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. 1962 மெட்ராஸ் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 10 விக்கெட். தொடரையே ஜெயித்துக் கொடுத்தது அது.

கேலரிக்கிழம்:
மணி சார், துரானியின் 10 நிஜம். ஆனால் அது சேப்பாக்கம் இல்லை. அந்தக் காலத்தில் கொஞ்ச வருஷம் மெட்ராஸ் டெஸ்டெல்லாம் சென்ட்ரல் பக்கத்தில் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தன, இன்றைய நேரு ஸ்டேடியம். ஊர் ஒன்று, மண் வேறு. நிறைய பேர் இதில் வழுக்கி விழுவார்கள்.

மயிலாப்பூர் மணி:
அடடா. வாபஸ். அப்படியென்றால் வினூ மாங்கட். 1952, சேப்பாக்கமேதான். 8/55, 4/53. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. 20 வருஷம் காத்திருந்து கிடைத்தது. வெற்றியின் கனத்தைப் பார்த்தால் இதற்குமேல் ஒன்றும் இல்லை.

பாஜி பக்தன்:
அது இங்கிலாந்தோட பி டீம் சார்.

கேலரிக்கிழம்:
முதல்தர ஆட்கள் பல பேர் வரவில்லை என்பது உண்மை. ஆனால் லோகுவுக்கு ஒரு சேதி. அந்த டெஸ்டில் மாங்கட் பந்தில் கீப்பர் கோகன் சென் 5 ஸ்டம்பிங். நாம் அடித்தது 457/9 டிக்ளேர், பங்கஜ் ராய் 111, உம்ரிகர் 130 நாட் அவுட். வெடித்த பிட்ச் ஒன்றுமில்லை. அங்கேயும் ஆட்கள் இறங்கி வந்து ஏமாந்தார்கள்.

எங்கப்பா அந்த ஆட்டத்துக்குப் போனவர். முதல் நாளன்று இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ் இறந்துபோன செய்தி வந்தது. ஓய்வு நாளை முன்னுக்குத் தள்ளி, மறுநாள் ஆட்டம் இல்லை என்றுவிட்டார்கள். அப்பாவுக்கு ஆபீஸில் ஒரு நாள் லீவு வீணாகப் போன வருத்தம் கடைசிவரை தீரவில்லை.

லெக்பிரேக் லோகு:
ஐயா, இதுதான் எனக்கு வேண்டிய துருப்பு! நல்ல பிட்ச்ல 5, கெட்ட பிட்ச்ல 6. பயம் விதைச்சது மண்ணுன்னா 1952-ல விதைச்சது யாரு? காத்துல பந்தைத் தொங்க விடுறவன்தான். வாலாஜா அண்ணே, பதில்?

சென்ட்ரல் ஸ்விங்:
ஸ்பின், ஸ்பின், ஸ்பின். இந்த இழையில் வேகப்பந்துக்கு ஆளே இல்லையா? 1980-ல் பாகிஸ்தானுக்கு எதிராக கபில் 4/90, 7/56, கூடவே பேட்டில் 84. 1985-ல் இங்கிலாந்தின் நீல் ஃபாஸ்டர் 11 விக்கெட். 1999-ல் வெங்கடேஷ் பிரசாத் 6/33. பாகிஸ்தான் 275க்கு 4, அஃப்ரிடி வெளுத்துக்கொண்டிருந்தார், 286-க்கு ஆல் அவுட். நடுவில் பிரசாத் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 5 விக்கெட் எடுத்தார். அந்த டெஸ்டில் எல்லோருக்கும் சச்சினின் 136-ம் முதுகுவலியும்தான் ஞாபகம். பிரசாத் பெயரை ஒரு பயல் சொல்வதில்லை.

பாஜி பக்தன்:
அதே டெஸ்ட்ல பாகிஸ்தான் ஸ்பின்னர் சக்லைனை விட்டுட்டீங்க. 5/94, 5/93. ஜெயிக்க 17 ரன் இருக்கும்போது சச்சின் அவுட், 254-ல இருந்து 258-க்குள்ள மிச்சம் மூணும் காலி. 12 ரன்ல தோத்தோம். அன்னிக்கு எங்க தெருவுல டி.வி.யை அணைச்ச சத்தம்கூடக் கேட்டுச்சு. ஆனா சேப்பாக்கம் எழுந்து நின்னு பாகிஸ்தானுக்குக் கை தட்டுச்சு. அதுல எனக்குப் பெருமை, சக்லைன் மேல இன்னும் கடுப்பு.

வாலாஜா ரோடு வாசி:
ஸ்விங் சொன்னது என் கட்சிக்கு உதவி. எழுபதுகளில் சேப்பாக்கம் வெறும் சுழல் களம் இல்லை, எகிறுகிற பவுன்ஸ் இருந்தது. ஆனால் பாருங்கள், 1975-ல் அதே ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் பிரசன்னா, பேடி. களம் சுழலுக்கும் கைகொடுத்தது. ராபர்ட்ஸ் முதல் இன்னிங்ஸில் நம்மை 190-க்குச் சுருட்டினார். அதில் 97 ரன் விஸ்வநாத் ஒருவருடையது, அவரும் நாட் அவுட்! விஸ்வநாத்தைக் கழித்துவிட்டால் மற்ற பத்துப் பேரும் உதிரியும் சேர்ந்து 93. அந்த 97-க்கு சதத்தைவிட அதிக மரியாதை கிடைக்கிறதென்றால் காரணம் எதிரே ஓடி வந்தவர்தான். ஒருவரின் பந்துவீச்சு எவ்வளவு பெரியது என்று தெரிய, எதிரே நின்றவருக்குக் கிடைத்த புகழைப் பார்த்தால் போதும்.

கேலரிக்கிழம்:
இது நன்றாகச் சொன்னீர்கள். ராபர்ட்ஸை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அம்பத்தூர் ஆஃபீ:
அஸ்வின் பெயரைச் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், வெட்கமாக இல்லையா? 2013 ஆஸ்திரேலியா, 7/103, 5/95, மொத்தம் 12. மேற்கு மாம்பலத்துப் பையன்.

பாஜி பக்தன்:
அந்த டெஸ்ட்ல ஆஸ்திரேலியாவோட 20 விக்கெட்டும் ஸ்பின்னுக்கு. தோனி 224 அடிச்சதுலயே ஆட்டம் முடிஞ்சு போச்சு. நல்ல பௌலிங், உச்சம் இல்ல.

கேலரிக்கிழம்:
உள்ளூர்ப் பையன் என்று பேசினால் ஏ.ஜி. ராம்சிங்கை யாரும் தாண்ட முடியாது. 1934, ரஞ்சியின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான், மெட்ராஸ் – மைசூர். இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 35 ரன்னுக்கு 11 விக்கெட். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. டெஸ்ட் இல்லை என்பதால் பந்தயத்தில் சேராது. அதே வருஷம் இங்கே நடந்த முதல் டெஸ்டில் இங்கிலாந்து ஸ்பின்னர் ஹெட்லி வெரிட்டி 11 எடுத்தார். ஆக, ஸ்பின்னரைச் சேப்பாக்கம் பிறந்ததிலிருந்தே மடியில் வைத்துத்தான் வளர்த்தது.

வாலாஜா ரோடு வாசி:
சரி, ஸ்டம்பிங் கணக்கு ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. மாங்கட்டின் 5 ஸ்டம்பிங்கைத் திறமை என்று நான் ஒத்துக்கொண்டால், ஹிர்வானியின் பந்தில் இறங்கி வந்தவர்களை மட்டும் பிட்ச் கணக்கில் எழுதுவது அழுகுணி ஆட்டம்தான். இன்னொன்றும் இருக்கிறது. அர்ஷத் அயூபும் சாஸ்திரியும் அதே அணியில் ஸ்பின்னர்கள். மண்தான் விக்கெட் எடுத்தது என்றால், 20-ல் 16 ஒரே ஆளுக்கு ஏன் போயின? இதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘பிட்ச் விக்கெட்’ என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் முதலிடம் தர மாட்டேன். ராபர்ட்ஸ் அங்கேயே நிற்கிறார். என் நாலு பேர் பட்டியலில் ஹிர்வானியை நாலாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு ஏற்றிவிட்டேன், அவ்வளவுதான்.

பாஜி பக்தன்:
அப்ப ஹர்பஜன் மூணாவதா? ஹேடன் 203 அடிச்ச பிட்ச்ல 15 எடுத்தவன் மூணாவதா? பாஸ், நீங்க காபி வாங்கித்தான் ஆகணும்.

லெக்பிரேக் லோகு:
அண்ணே, ரெண்டாவது இடம் போதும். அந்த நாலு பேர் பட்டியல்ல மாங்கட் இருக்காரா இல்லையா, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.

கேலரிக்கிழம்:
லோகு, அது முடிகிற சண்டை இல்லை, தனியாக ஓர் இழை போடு. நான் அப்பாவின் அந்த லீவு விண்ணப்பத்தைத் தேடி எடுத்து வைக்கிறேன், இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கிறது.