காரைக்குடி பழைய வீட்டில் ஒற்றை அறை போர்ஷன்: இருட்டும் நெருக்கமும் போக வழி?

சந்துப்பக்கம்:
வணக்கம். பழைய வீடு ஒன்றின் பக்கவாட்டுப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம், இரண்டு பேர். அறை 9 அடிக்கு 11 அடி, உயரம் 13 அடி. கதவு வளவு (உள்முற்றம்) பக்கம். இருக்கும் ஒரே ஜன்னல் சந்துப் பக்கம் பார்த்தது, எதிரே 3 அடியில் அடுத்த வீட்டுச் சுவர். தரை ஆத்தங்குடி டைல்ஸ், சிவப்பில் பூப்போட்டது. சுவர் சுண்ணாம்புப் பூச்சு, வெள்ளை மங்கிப் போய்விட்டது. உள்ளே 5 அடிக் கட்டில், ஸ்டீல் பீரோ, ஒரு மேஜை, அவ்வளவுதான். ஆனாலும் கிணற்றுக்குள் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. வீட்டுக்காரர் வெள்ளையடிக்கச் சம்மதித்தார், ஆணி மட்டும் அடிக்கக் கூடாதாம். பட்டி (சுவரை மழுமழுப்பாக்கும் மாவு) வைத்து எமல்ஷன் பெயின்ட் அடித்தால் பளிச்சென்று இருக்குமா? உயரம் வீணாகிறதே, பரண் போடலாமா?

பர்மாத்தேக்கு:
பரண் வேண்டாம். உங்களுக்குக் குறைவாக இருப்பது தரை, உயரம் அல்ல. 9 அடி அகலத்தில் 7 அடி உயரத்துக்குப் பலகை வந்தால் பாதி அறை இன்னும் இருட்டாகும். ஆணி பிரச்சினையும் இருக்கிறது. சுண்ணாம்புக் காரைச் சுவரில் திருகாணிக்கான பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. துளை போட்டால் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வரும், சிமென்ட் வைத்து அடைத்தால் அந்த இடம் திட்டாகத் தெரியும். வீட்டுக்காரர் சொன்னதில் நியாயம் உண்டு.

கட்டிலிலிருந்து தொடங்குங்கள். 5 அடிக்கு 6½ அடிக் கட்டில் 32½ சதுர அடி. அறையே 99 சதுர அடிதான், மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 4 அடி திவானாக மாற்றி 11 அடிச் சுவரை ஒட்டி நீளவாக்கில் போட்டால் எதிர்ப்புறம் 5 அடி தரை தொடர்ச்சியாகக் கிடைக்கும். இரண்டு பேருக்கு 4 அடி நெருக்கம்தான். முடியாதென்றால் 5 அடியே இருக்கட்டும், ஆனால் கால் 10 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியிலும் பூ டைல்ஸ் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தால் அறை சுவர் வரை நீளும். அங்கே சூட்கேஸைத் திணித்தால் அந்தப் பயன் போச்சு.

பீரோ ஜன்னல் பக்கம் இருந்தால் முதலில் நகர்த்துங்கள். கதவு திறந்தால் மறையும் மூலைதான் அதற்குச் சரி. சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி வையுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் சுவரின் ஈரத்தில் முதுகுத் தகடு துருப்பிடிக்கும். சுவர் நிறத்திலேயே ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிட்டால் பாதி மறைந்துவிடும்.

கடுக்காய்த்தண்ணீர்:
பட்டியும் எமல்ஷனும் அந்தச் சுவருக்கு எதிரி. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், காற்றில் விடும். மேலே பிளாஸ்டிக் படலம் வந்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, அடுத்த மழைக்குள் அப்பளமாக உரியும்.

முதலில் சோதனை. மூலையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். உறிஞ்சினால் வெறும் சுண்ணாம்பு. முத்தாக நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: முன்பு யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அல்லது முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய பழைய பூச்சு. பெயின்ட் நகத்தால் சுரண்டினால் தோலாக வரும். அதைச் சுரண்டி எடுக்காமல் சுண்ணாம்பு பிடிக்காது. மெருகுப் பூச்சாக இருந்தால் எதையும் பூசாதீர்கள், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்தாலே போதும். அதன் பளபளப்பு வெளிச்சத்தைத் திருப்பிவிடும், காசு கொடுத்தாலும் இன்று அப்படிப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம்.

வெறும் சுண்ணாம்பு என்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி நீற்றுங்கள். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். கொதிக்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளி வேண்டாம். அலுமினியம் சுண்ணாம்போடு வினைபுரியும், அதுவும் வேண்டாம், இரும்பு டிரம் போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். ஒரு நாள் ஊறியதும் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, துளி நீலம் சேருங்கள். சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக 3 கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். கெட்டியாக ஒரே கையில் முடித்தால் காய்ந்ததும் பொடியாக உதிரும், சட்டையில் ஒட்டும். மேல்தளத்துக்கும் அதே வெள்ளை. மரச்சட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஊஞ்சல்வளையம்:
வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 13 அடி உயரத்தில் டியூப் லைட் இருந்தால் கீழே வருவதற்குள் வெளிச்சம் கலைந்துவிடும். 6500 கெல்வின் வெள்ளையில் சிவப்பு டைல்ஸும் தேக்கும் சாம்பல் பூத்துத் தெரியும். 2700 முதல் 3000 கெல்வின் (மஞ்சள் சாயல்) எல்இடி, 7 வாட் அளவில் மூன்று, மூன்று இடத்தில். ஒன்று, மேல்தளத்தில் ஊஞ்சல் மாட்டும் வளையம் இருந்தால் அதிலிருந்து 6½ அடி உயரத்துக்கு இறக்கிக் கட்டில் மூலையில், மற்றவை மேஜையிலும் மாடத்திலும். ஃபேன் ராடை நீட்டி இறக்கை தரையிலிருந்து 8½ அடிக்கு வரட்டும். பல்பு இறக்கைக்கு மேலே இருந்தால் நிழல் வெட்டிக்கொண்டே இருக்கும், தலைவலிதான் மிச்சம்.

ஜன்னலுக்கு நேர் எதிரே கண்ணாடி வைக்காதீர்கள், அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் சாய்த்து வைத்தால் மேலிருந்து வரும் வானவெளிச்சம் உள்ளே திரும்பும். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பெல்ஜியம் கண்ணாடி பார்க்கலாம், கனம் அதிகம். வழுவழுத் தரையில் அடி சறுக்கும். ரப்பர் கட்டை கொடுத்து, மேலே ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள்.

சந்துப்பக்கம்:
நன்றி அண்ணே, பட்டியைக் கைவிட்டாச்சு. திரைக்குக் கண்டாங்கி (செட்டிநாட்டுப் பருத்திச் சேலை) போடலாமா? தரைக்கு வினைல் விரிப்பு?

பர்மாத்தேக்கு:
திரைக்கு வேண்டாம். கெட்டி நெசவு, அழுத்தமான கட்டம், இருட்டறையில் இன்னும் இருட்டும். ஜன்னலில் கீழ்ப்பாதிக்கு மட்டும் வெள்ளை மல் துணி, நிலைக்குள் நெருக்கிப் பொருத்தும் ஸ்பிரிங் ராடில். மேல்பாதி திறந்தே இருக்கட்டும். கண்டாங்கி கட்டில் விரிப்புக்கு அருமை. 5½ மீட்டர் சேலையைக் குறுக்கே இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் தைத்தால் ஏறக்குறைய 90 அங்குலத்துக்கு 108 அங்குலம் வரும். வெட்டும் முன் இரண்டு தடவை தனியாக அலசுங்கள். சாயமும் இறங்கும், சுருங்குவதும் அப்போதே முடியும்.

வினைல் கூடவே கூடாது. டைல்ஸின் ஈரம் வெளியேற முடியாமல் வெள்ளை உப்பு படியும். ஆசிட் பக்கமும் போகாதீர்கள், நிறம் போய்விடும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய், அதற்கு மேல் போனால் வழுக்கும். பூத்தரையில் பூ விரிப்பு நெரிசல், வெறும் கோரைப்பாய் போதும். பகலில் சுருட்டி வையுங்கள்.

கடுக்காய்த்தண்ணீர்:
துணிக்கு ஸ்டாண்ட் வாங்குவதாக இருந்தால் நிறுத்துங்கள். வளையம் இரண்டு இருந்தால் மூங்கில் கொடி ஒன்றைக் கயிற்றில் 7 அடிக்குத் தொங்கவிடலாம். வளையம் மரச்சட்டத்தில் பூட்டியதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள், செங்கல் தளத்தில் செருகியதென்றால் தொடாதீர்கள்.