கைக்குழந்தைக்குக் காதின் பின்புற எலும்பு தட்டுப்படவில்லை, இது குறைபாடா?

திருவையாற்று அம்மாச்சி:
பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருக்கும் என் மகளின் குழந்தைக்கு இப்போது மூன்று மாதம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது காதுமடலுக்குப் பின்னால் விரல் வைத்தால், நமக்கெல்லாம் அங்கே உருண்டையாகத் தட்டுப்படும் எலும்புப் புடைப்பு, இரண்டு பக்கமும் இல்லை. அந்த இடத்தை நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டால் எலும்பு எழும்பிவிடும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? மூத்த பேரனுக்கு ஆறு வயது. வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தால் காதில் சீழ் வடிகிறது. அதற்கும் இந்த எலும்புக்கும் தொடர்பு உண்டா?

உடற்கூறியல் ஆசிரியர், தஞ்சாவூர்:
அம்மா, குறைபாடு எதுவும் இல்லை. பிறக்கும்போது எந்தக் குழந்தைக்கும் அந்தப் புடைப்பு இருப்பதில்லை. அது பொட்டெலும்பின் பின்பகுதியான மாஸ்டாய்டு. காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கும் காறையெலும்புக்கும் சாய்வாக இறங்கும் பெரிய கழுத்துத் தசை அதில்தான் பற்றியிருக்கிறது. குழந்தை தலை நின்று, உட்கார்ந்து, இருபுறமும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, அந்தத் தசை இழுக்க இழுக்க எலும்பு கீழ்நோக்கி வளர்கிறது. இரண்டாம் வயதில் புடைப்பு ஓரளவு தெரியும். பருவ வயது வரை அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

அழுத்திப் பிடிப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். முகத்தை அசைக்கும் நரம்பு, மண்டையோட்டை விட்டு வெளியே வரும் துளை அந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்த நரம்பைப் புடைப்பு மறைத்துக் காக்கிறது. கைக்குழந்தைக்கோ அது தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. ஆயுதப் பிரசவத்தில் அங்கே இடுக்கி அழுத்தி, முகம் ஒரு பக்கம் கோணிப்போன குழந்தைகள் உண்டு. எண்ணெயை மேலாகத் தடவிவிட்டால் போதும்.

இந்த எலும்பு வெளியே கெட்டியாக இருந்தாலும், உள்ளே தேன்கூட்டைப் போல் சிறுசிறு காற்றறைகள் நிறைந்தது. அவற்றுள் பெரிய அறை பிறக்கும்போதே இருக்கிறது. நடுச்செவியிலிருந்து அதற்கு நேரான வழி உண்டு. கைக்குழந்தைக்கு அது மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆழத்திலும், வளர்ந்தவர்களுக்கு 12 முதல் 15 மில்லிமீட்டர் ஆழத்திலும் இருக்கும். அதன் கூரை ஒரு மெல்லிய எலும்புத் தகடு. அதற்கு மேலே மூளை. பின்சுவரை ஒட்டி மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் பெரிய நாளம் போகிறது. நடுச்செவியில் தங்கும் சீழ் இந்த அறைகளுக்குள் இறங்கினால் மூளையின் வாசலுக்கே வந்துவிட்டது என்று பொருள். மூத்த பேரனின் காதை நான் கவலையோடு பார்ப்பது இதனால்தான்.

கிராமச் செவிலியர், மன்னார்குடிப் பக்கம்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வாய்க்கால் தண்ணீரால் மட்டும் நடுச்செவியில் சீழ் பிடிப்பதில்லை; பெரும்பாலும் சளி, மூக்கின் பின்புறக் குழாய் வழியாக அங்கே ஏறுகிறது. ஆனால் குளித்த போதெல்லாம் சீழ் வருகிறது என்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்கக்கூடும், தண்ணீர் அதன் வழியே உள்ளே போகிறது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை வாய்க்காலில் முங்க விடாதீர்கள். நம் பக்கத்து வழக்கப்படி காய்ச்சிய எண்ணெயும் விடாதீர்கள். காதின் பின்புறம் சிவந்து வீங்கி, தொட்டால் வலித்து, காய்ச்சலும் வந்து, காதுமடல் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு நின்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தலையில் பொடுகோ புண்ணோ இருந்து அங்கே நெறி கட்டுவது வேறு. அது பட்டாணி அளவில் விரலுக்கு நழுவும், மடலைத் தள்ளாது.

திருவையாற்று அம்மாச்சி:
இருவருக்கும் நன்றி. பேரனுக்குக் காதின் பின்புறம் வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் சீழ் வடியும் பக்கத்தில் பேசினால் இரண்டு முறை கேட்கிறான். இதுவும் அதைச் சேர்ந்ததா?

உடற்கூறியல் ஆசிரியர், தஞ்சாவூர்:
இருக்கலாம் அம்மா. மருத்துவர், தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் கவை வடிவ உலோகக் கருவியான இசைக்கவையின் அடியை அந்த மாஸ்டாய்டு எலும்பின்மேல் ஊன்றியும், பிறகு காதுக்கு நேரே பிடித்தும், எதில் நன்றாகக் கேட்கிறது என்று பையனிடம் கேட்பார். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டுக் காற்று வழியாகக் குறைந்தால், கோளாறு செவிப்பறையிலோ நடுச்செவியின் சிற்றெலும்புகளிலோ இருக்கும்; அவற்றைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கேட்பது குறைந்திருக்கிறது என்பதை மறவாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.