யானா நோவோட்னாவை 1993 இறுதிப் போட்டியை மட்டும் வைத்து மதிப்பிடலாமா?

கேள்வி: அல்சூர்வாசி

வணக்கம். என் மகள் பெங்களூரில் டென்னிஸ் பயின்று வருகிறாள். முன்னிலையில் இருந்த ஆட்டத்தை ஒரு பிள்ளை கோட்டைவிட்டால், பயிற்சிக்கு அழைத்து வரும் பெற்றோரில் மூத்தவர்கள் சிலர் உடனே செக் டென்னிஸ் வீராங்கனை யானா நோவோட்னாவின் பெயரை இழுக்கிறார்கள். 1993 விம்பிள்டன் இறுதிப் போட்டியின் மூன்றாவது செட்டில் ஸ்டெஃபி கிராஃபை விட 4-1 என முன்னிலையில் இருந்தும் தோற்றார், பரிசளிப்பின்போது கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அழுதார் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே பட்டத்தை அவர் வென்றார் என்பதை மட்டும் நான் அறிவேன். அவருடைய ஆட்ட வாழ்க்கையை முழுமையாகப் பார்த்தால், நெருக்கடியில் தடுமாறுபவர் என்ற பெயர் அவருக்குப் பொருந்துமா? அக்கால ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஜெயநகர் வாலி

ஐயா, அந்த இறுதிப் போட்டிக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். காலிறுதியில் சபாட்டினியையும், அரையிறுதியில் விம்பிள்டனை ஒன்பது முறை வென்றிருந்த நவ்ரதிலோவாவையும் ஒரு செட் கூட இழக்காமல் தோற்கடித்துவிட்டுத்தான் அவர் கிராஃபின் முன் நின்றார். முதல் செட்டை, 6-6 என்ற சமநிலையைத் தீர்க்கும் டைபிரேக்கில் இழந்து, இரண்டாவதை 6-1 என எடுத்து, மூன்றாவதில் 4-1 என்ற நிலையில் தம் சர்வில் 40-30 வரை வந்தார். இன்னும் ஒரு புள்ளி கிடைத்திருந்தால் 5-1. அந்த இடத்தில்தான் டபுள் ஃபால்ட் செய்தார், அதாவது இரண்டு சர்வையும் தவறவிட்டுப் புள்ளியை இழந்தார். அந்த கேமும் போயிற்று, அதன்பின் கிராஃப் ஒரு கேமையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் சர்வ் செய்தவுடன் வலையை நோக்கி ஓடும் ஆட்டக்காரர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேஸ்லைனில் நின்று ஆடுபவருக்குக் கை நடுங்கினால், இரண்டாவது சர்வை மெதுவாக உள்ளே போட்டுவிட்டு, பந்தை நடுவில் திருப்பிக்கொண்டே எதிராளி தவறு செய்யும்வரை காத்திருக்க வழியுண்டு. வலைக்கு வருபவருக்கு அந்த வசதி கிடையாது. கிராஃபின் ஃபோர்ஹேண்டுக்கு முன்னால் மெதுவான சர்வைப் போட்டுவிட்டு வலைக்கு ஓடினால், பந்து பக்கவாட்டில் பறந்துவிடும். ஆகவே இரண்டாவது சர்வையும் ஆழமாகவும் துணிச்சலாகவும் அடித்தாக வேண்டும். அந்தத் துணிச்சல் கைகொடுத்த இரண்டாவது செட்டை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இதே நோவோட்னா 1991 ஆஸ்திரேலிய ஓப்பன் காலிறுதியில் இதே கிராஃபை, முதல் செட்டை இழந்த பிறகும், மூன்றாவது செட்டில் 8-6 என வென்றிருக்கிறார். நெருக்கடி என்றால் அதுவும் நெருக்கடிதானே!

மறுமொழி: மல்லேஸ்வரம் பெரியவர்

மேலே சொன்னவர் கூறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1995 பிரெஞ்சு ஓப்பன் மூன்றாம் சுற்றைச் சொல்லாமல் விட்டது சரியல்ல. சாண்டா ரூபினுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 5-0, 40-0 என்ற நிலையிலிருந்து, ஒன்பது மேட்ச் பாயிண்டுகளை (எடுத்தால் ஆட்டமே முடிந்துவிடும் புள்ளிகளை) வீணடித்து 8-6 எனத் தோற்றார். இதற்கு ஆட்டமுறையை மட்டும் காரணமாகக் காட்டினால் நான் ஏற்கமாட்டேன். பதற்றம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. அதை மறைத்துவிட்டுப் புகழ்வதை விட, அந்தப் பதற்றத்தோடு அவர் எவ்வளவு தூரம் சென்றார் என்று பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் கருத்து.

மறுமொழி: இந்திராநகர் வாசகி

இருவருமே ஒற்றையர் ஆட்டத்தைச் சுற்றியே பேசுகிறீர்கள். மகளிர் இரட்டையரில் 12, கலப்பு இரட்டையரில் 4 என 16 கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் ஆகிய நான்கு பெரும் போட்டிகள்) பட்டங்களை வென்றவர் அவர். 1990-இல் ஹெலெனா சுகோவாவுடன் ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன் பட்டங்களை வரிசையாக வென்று, அமெரிக்க ஓப்பனிலும் இறுதிவரை சென்றார். அதே இணை 1988 சியோல், 1996 அட்லாண்டா ஒலிம்பிக் இரண்டிலும் வெள்ளி வென்றது. அட்லாண்டாவில் ஒற்றையர் வெண்கலமும் அவருக்கே. இரட்டையரில் உலகின் முதலிடத்திலும் ஒற்றையரில் இரண்டாம் இடத்திலும் இருந்திருக்கிறார். இரட்டையர் இறுதிப் போட்டியில் மட்டும் நெருக்கடி இருக்காதா என்ன?

புர்னோ நகரில் 1968-இல் பிறந்த அவருக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவர் ஹனா மண்ட்லிகோவா. நான்கு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றவர் என்றாலும், 1981, 1986 விம்பிள்டன் இறுதிகளில் தோற்றவர். புல்தரையில் இறுதிப் போட்டியை இழப்பதன் வலி அறிந்த ஒருவர் அருகில் இருந்தது 1993-க்குப் பிறகு எவ்வளவு உதவியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1997 இறுதியில் பதினாறே வயதான ஹிங்கிஸிடம் முதல் செட்டை வென்றபின் தோற்றார். மறு ஆண்டு காலிறுதியில் வீனஸ் வில்லியம்ஸையும், அரையிறுதியில் அதே ஹிங்கிஸையும், இறுதியில் நத்தாலி தோசியாவையும் ஒரு செட் கூட விட்டுக்கொடுக்காமல் வென்றார். அப்போது அவருக்கு 29 வயது. ஓப்பன் காலகட்டத்தில் (தொழில்முறை ஆட்டக்காரர்களும் இப்போட்டிகளில் ஆட அனுமதிக்கப்பட்ட 1968 முதல்) அதுவரை அவ்வளவு வயதில் முதல் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை வென்ற பெண் வேறு யாரும் இல்லை. அந்த ஆண்டு விம்பிள்டன் இரட்டையர் பட்டமும் அவருடையதே, அதுவும் ஹிங்கிஸையே இணையாகக் கொண்டு!

கேள்வி கேட்டவர்: அல்சூர்வாசி

மிக்க நன்றி. ஓய்வுக்குப் பிறகு அவர் பயிற்சியாளராக இருந்தாரா? என் மகளுக்கு அவருடைய ஆட்டம் ஒன்றைக் காட்ட விரும்பினால் எதைக் காட்டலாம்?

மறுமொழி: இந்திராநகர் வாசகி

1999-இல் ஓய்வு பெற்றார். செக் வீராங்கனை பர்போரா கிரெய்ச்சிகோவா பதினெட்டு வயதில், அடுத்து என்ன செய்வது என்று தெரியாத நிலையில், நோவோட்னாவின் வீட்டுக்கே சென்று உதவி கேட்டார். அவரும் பயிற்சி அளிக்க ஒப்புக்கொண்டார். 2017 நவம்பரில் நோவோட்னா 49 வயதில் புற்றுநோயால் இறந்தார். கிரெய்ச்சிகோவா 2021-இல் பிரெஞ்சு ஓப்பனையும் 2024-இல் விம்பிள்டனையும் வென்றபோது தம் ஆசிரியரையே நினைவுகூர்ந்தார்.

மறுமொழி: ஜெயநகர் வாலி

1998 இறுதியை விட அந்த ஆண்டு அரையிறுதியைக் காட்டுங்கள், ஐயா. ஹிங்கிஸ் அப்போது உலகின் முதல்நிலை வீராங்கனை. ஸ்லைஸ் பேக்ஹேண்டை (பந்தைப் பின்சுழலுடன் வெட்டி அடிப்பதை) தாழ்வாக அனுப்பிவிட்டு நோவோட்னா எந்த நொடியில் முன்னே வருகிறார், வலையருகே கால்களை எப்படி நிறுத்துகிறார் என்பதை மட்டும் உங்கள் மகள் கவனிக்கட்டும். கப்பன் பூங்கா மைதானங்களில் இன்று நான் பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கைகுலுக்கத்தான் வலைக்கு வருகிறார்கள்.