கையால் தைத்த பழங்காலக் கவுன்: உங்களுக்கு எங்கே பிடிபட்டது?

ஊசிநூல்:

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பெண்கள் உடுத்திய கவுனை, மெஷின் இல்லாமல் அந்தக் கால முறையிலேயே தைக்கக் கற்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த உடை எந்த இடத்தில் உங்களுக்குப் பிடிபட்டது என்று எழுதுங்களேன்.

எனக்கு அது ஒரு பழைய பட்டுக் கவுனின் உட்புறத்தைப் பார்த்தபோது. அருங்காட்சியகத்தில் முன்அனுமதி வாங்கிப் போயிருந்தோம். வெளியே அவ்வளவு நேர்த்தி. காப்பாளர் பாவாடைப் பகுதியை மெல்லத் திருப்பிக் காட்டினார். உள்ளே நீள நீளமான ஓட்டுத்தையல், வெட்டிய ஓரங்கள் மடிக்கப்படாமல் அப்படியே. உடல் பகுதியிலோ தையல் பொடிப்பொடியாக இருந்தது. ஒரே உடையில் ஏன் இப்படி என்று கேட்டேன். "பட்டுதான் விலை, தையல் கூலி மலிவு" என்றார்.

அப்போது பட்டு ஏறக்குறைய 20 அங்குல அகலத்தில்தான் நெய்யப்பட்டது. ஒரு கவுனுக்குப் பல அகலங்களை ஒட்ட வேண்டும். பாணி மாறினால் பிரித்து மறுபடி தைப்பார்கள். அதனால் பாவாடைத் துணியைச் சரித்து வெட்டாமல், முழு அகலத்தையும் இடுப்பில் மடிப்பாகப் பிடித்தார்கள். நீளத் தையல் பிரிக்கச் சுலபம். அந்தக் கவுனிலேயே பழைய மடிப்புத் தடமும், வேறொரு காலத்து ஊசித் துளைகளும் வரிசையாகத் தெரிந்தன. அன்றிலிருந்து எந்தத் தையலைப் பார்த்தாலும், இது பிரிப்பதற்காகப் போட்டதா, நிலைப்பதற்காகப் போட்டதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

லினன்பிரியை:

நிலைப்பதற்காகப் போட்டது எது என்று நான் சொல்கிறேன் அக்கா. உள்ளே உடம்பை ஒட்டிப் போடும் லினன் உள்ளாடை, அதாவது ஷிஃப்ட். உடம்பின் வியர்வையெல்லாம் அதில்தான் இறங்கும். அதனால் ஓயாமல் துவைக்கப்படும். மேலே போடும் பட்டுக் கவுன் தண்ணீரைப் பார்ப்பதே அபூர்வம். ஷிஃப்டின் தையல் அத்தனை நெருக்கமாகவும், ஓரங்கள் மடித்து அடக்கப்பட்டும் இருப்பது இதனால்தான்.

வெட்டும் முறை எனக்கு இன்னும் பிடித்தது. எல்லாம் செவ்வகம், முக்கோணம், அக்குளில் ஒரு சதுரத் துண்டு. துணி கிட்டத்தட்ட வீணாவதே இல்லை. அந்தச் சதுரம் இருப்பதால் கையைத் தாராளமாகத் தூக்கலாம். லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டுத் தையுங்கள். சிக்கலும் வராது, இழையும் பிரியாது.

மடிப்புக்காரி:

எனக்குப் பிடிபட்டது, நான் அசையாமல் நிற்க, என் உடம்பின் மேலேயே கவுனை வெட்டியபோது. காகிதப் பேட்டர்ன் எதுவும் கிடையாது. முதலில் ஸ்டேஸ், அதாவது உடலை இறுக்கிப் பிடிக்கும் விறைப்பான உள்கச்சு, போட்டுக்கொள்ள வேண்டும். உடலின் வடிவத்தைத் தீர்மானிப்பது அதுதான், அது இல்லாமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது. அதன்மேல் லினன் லைனிங்கை உடம்பிலேயே குண்டூசி குத்திப் பொருத்தினார் எனக்குக் கற்றுத்தந்த அம்மா. அப்புறம் மேல்துணியை முதுகில் வைத்து, மடிப்பு மடிப்பாக விரலால் படியவைத்தார். நடுமுதுகு மடிப்புகள் இடுப்பில் வெட்டுப்படாமல் நேராகப் பாவாடைக்குள் இறங்கின. முதுகுக்கும் பாவாடைக்கும் ஒரே துணி! படத்தில் எத்தனையோ முறை பார்த்திருந்தும், அது என் முதுகில் நடந்தபோதுதான் புரிந்தது.

இப்படி உடம்பின்மேல் வெட்டித் தைத்தவர்கள் பெண்கள். பாரிஸில் 1675இல் பெண் தையற்காரர்களுக்கென்று தனிச் சங்கம் அனுமதிக்கப்பட்டது. ஸ்டேஸ் தைப்பது மட்டும் அதற்குப் பிறகும் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தது.

முன்பக்கம் பல கவுன்களில் பட்டனே கிடையாது, குண்டூசிதான். குத்தாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளே ஸ்டேஸ் கெட்டியாக இருக்கிறது, ஊசி முனை அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

சீட்டித்துணி:

பட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், பூப்போட்ட பருத்தித் துணியான சீட்டியை விட்டுவிட்டீர்களே! அந்தக் கவுன்களில் மிக அழகான சிலவற்றின் துணி சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றியது. பல முறை துவைத்தும் நிறம் நின்றது ஐரோப்பாவுக்குப் பெரிய வியப்பு. உள்ளூர் நெசவாளர்கள் எதிர்த்ததால் இங்கிலாந்து 1700இல் அதன் இறக்குமதிக்குத் தடைச் சட்டம் போட்டது. 1721இல் வந்த சட்டம் அச்சிட்ட பருத்தி உடுத்துவதையே தடுத்தது. பிரிட்டனில் நெய்த பருத்திக்கு 1774இல்தான் அந்தத் தடை நீங்கியது.

சீட்டிக் கவுன் ஒன்றின் மாதிரியைத் தைக்கும்போது மூலத்தின் கைப்பகுதியை உற்றுப் பார்த்தேன். மூன்று சிறு துண்டுகளை ஒட்டி ஒரு கை. பூவும் கொடியும் பொருந்துகிறதா என்று கவலைப்படவே இல்லை. ஒட்டுப்போடுவது குறையென்று அவர்கள் நினைக்கவில்லை. நானும் என் கவுனில் அதே இடத்தில் ஒட்டு வைத்தேன். அதைச் சேர்த்தபோதுதான் அந்தப் பெயர் தெரியாத தையற்காரியின் கணக்கு எனக்குப் புரிந்தது.

புதியவள்:

எல்லாம் படித்தேன், நன்றி. கை பொருத்துவதில் நிற்கிறேன். இப்போதைய சட்டை மாதிரி முழு வட்டமாகத் தைத்துவிடலாமா?

ஊசிநூல்:

வேண்டாம்மா. அக்குள் பக்கத்துக் கீழ்ப்பாதியை மட்டும் முதலில் பின்தையலால் (ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் கொண்டுவந்து குத்தும் தையல்) தைத்துவிடு. பிறகு கவுனைப் போட்டுக்கொள், வேறு யாராவது உதவ வேண்டும். கையின் மேல்பாதியைத் தோள் லைனிங்கின் மேலே படியவிட்டு, மிச்சத்தைச் சின்ன மடிப்புகளாக்கிக் குண்டூசி குத்தச் சொல். அதன்மேல் மேல்துணியில் வெட்டிய தோள்பட்டைத் துண்டை வைத்து மூடி, வெளியிலிருந்தே தைக்க வேண்டும். குத்தும்போது கையை முன்னால் நீட்டி, மடக்கிப் பார்த்துக்கொள். இழுத்தால் அப்போதே மடிப்பை மாற்றிவிடலாம்.