'தாத்தா வீடு' குழுவில்: ஏரிக்கரைக் கழனிக்கு வெட்டிவேர்

பெரியப்பா, காலை 6.42
[படம்]
ராத்திரி மழைக்குப் பிறகு ஏரிக்கரைக் கழனி. வாய்க்காலில் நிற்கிற தண்ணீரைப் பாருங்கள். மஞ்சள் கரைத்து ஊற்றியது போல இருக்கிறது. ஆலையை 1990களிலேயே மூடிவிட்டார்கள். கழிவு மேடு மட்டும் அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் இதே கதைதான்.

சித்தப்பா, 6.58
அண்ணா, நேற்று அனுப்பிய வீடியோவைப் பார்த்தீர்களா? சூரியகாந்தி போட்டால் மூன்றே மாதத்தில் மண் சுத்தமாகிவிடுமாம். செர்னோபிலில் அணு உலை விபத்துக்குப் பிறகு செய்திருக்கிறார்கள்.

சித்தி, 7.03
என்னிடம் ஆரஞ்சுத் தோல் என்சைம் இருபது லிட்டர் இருக்கிறது. வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று, தண்ணீர் பத்து. மூன்று மாதம் ஊறியது. கழனியில் ஊற்றிப் பார்க்கலாமா?

அத்தை, 7.10
வெட்டிவேர் நடுங்கள் அண்ணா. மண்ணும் தேறும், வேரை விற்றால் காசும் வரும். கோடையில் பானைத் தண்ணீரில் போட நமக்கும் ஆகும்.

நான், 7.12
அத்தை, அந்த வேர் பானைக்கு வேண்டவே வேண்டாம்! விற்கவும் கூடாது. பஸ்ஸில் இருக்கிறேன், இறங்கியதும் எழுதுகிறேன்.

நான், 7.40
வெட்டிவேர் நல்ல யோசனைதான். மூன்று மீட்டர் ஆழம்கூட இறங்கும், உப்பைத் தாங்கும், மண்ணைக் கரைய விடாது. ஆனால் ஆலைக் கழிவிலிருந்து வருகிற குரோமியம் என்ற உலோகத்தை அது ஒழிப்பதில்லை. இழுத்துப் பெரும்பாலும் வேரிலேயே வைத்துக்கொள்கிறது, இலைக்குக் கொஞ்சம்தான் போகும். நாம் பானையில் போடுவதும் அதே வேரைத்தானே அத்தை? மண்ணில் கிடந்த நஞ்சை நாமே தோண்டி எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஊறவைத்துக் கொடுத்தது போல ஆகிவிடும்.

அத்தை, 7.44
ஐயோ. எனக்கு இது தோன்றவே இல்லை.

நான், 7.51
சித்தப்பா, செர்னோபிலில் சூரியகாந்தியைக் குளத்தில் மிதவை கட்டி வளர்த்தார்கள். தண்ணீரில் கரைந்திருந்த சீசியம், ஸ்ட்ரான்சியம் என்ற கதிரியக்கப் பொருள்களை வேர் உறிஞ்சியது. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் அணு உலை விபத்துக்குப் பிறகு வயலில் போட்டபோது பலன் மிகக் குறைவு. சீசியம் களிமண்ணை இறுகப் பற்றிக்கொண்டது, வேருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மேல்மண்ணைச் சுரண்டித்தான் எடுத்தார்கள். எந்த நஞ்சு, எந்த மண் என்று தெரியாமல் செடியை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

தம்பி, 7.55
அப்படியானால் என்சைம்? அது எதையும் உடைத்துவிடும் என்கிறார்களே அக்கா.

நான், 8.06
என்சைம் என்றால் நொதி. சில நொதிகள் எண்ணெய், பூச்சிமருந்து, சாயம் இவற்றையெல்லாம் உடைக்கும். படிக்கும்போது நானே பார்த்திருக்கிறேன். நீலச் சாயம் கலந்த தட்டில் வெள்ளைப் பூஞ்சை ஒன்றை வைத்தோம். அது சுரக்கிற லாக்கேஸ் என்ற நொதி சாயத்தை வெளுத்துக்கொண்டே போகும். பூஞ்சை படரப் படர, சுற்றிலும் ஒரு வெளுத்த வளையம் நாளுக்கு நாள் பெரிதாகும். அப்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

ஆனால் குரோமியம் ஒரு தனிமம், தம்பி. அதை எந்த நொதியாலும் உடைக்க முடியாது. நிலையை மாற்றத்தான் முடியும். பெரியப்பாவின் படத்தில் இருக்கிற மஞ்சள், ஹெக்சாவேலன்ட் குரோமியமாக, அதாவது குரோமியம்-6 ஆகத்தான் இருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்து கிணறு வரை ஓடும், புற்றுநோய் தரும். சில பாக்டீரியாக்களிடம் குரோமேட் ரிடக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அது குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக்கும். அதற்கு நச்சு மிகக் குறைவு, எளிதில் கரையாமல் மண்ணோடு தங்கிவிடும்.

சித்தி, 8.10
அந்த பாக்டீரியா என் பாட்டிலில் இருக்குமா?

நான், 8.15
அதை நம்ப முடியாது சித்தி. உங்கள் என்சைம் வீட்டுத் தரைக்கு நல்லது, கழனிக்கு வேண்டாம். மாட்டுச் சாணமும் மக்கிய எருவும் போட்டால் மண்ணிலேயே இருக்கிற பாக்டீரியாவுக்குத் தீனி கிடைக்கும். அந்த எருவே குரோமியம்-6ஐக் கொஞ்சம் மாற்றியும் விடும். ஆனால் மேட்டிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்வரை நாம் கழனியில் என்ன செய்தாலும் போதாது. அங்கே இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் கழிவு கிடக்கிறது. அதை அகற்றச் சொல்லித் திரும்பத் திரும்ப மனு கொடுத்தே ஆக வேண்டும்.

பெரியப்பா, 8.22
மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது அம்மா. இருந்தாலும் கொடுக்கிறேன். வெட்டிவேர் நட்டால் பிறகு அதை என்ன செய்வது? எரித்துவிடலாமா?

நான், 8.25
எரிக்கவே கூடாது பெரியப்பா. சூட்டில் குரோமியம்-3 மறுபடியும் 6 ஆகக்கூடும். சாம்பலும் காற்றில் பறக்கும். வேரைப் பிடுங்காமல் விடுவோம், மண்ணைக் கட்டிப் பிடித்திருக்கட்டும். தழையை ஆட்டுக்குப் போட வேண்டாம். முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்கலாம். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஞாயிறு காலை வருகிறேன். ஐந்து இடத்தில் மண் எடுக்க வேண்டும். இரும்பு மண்வெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டி கொண்டுவருகிறேன். எல்லாரும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, 8.31
சரி அம்மா. ஏழு மணிக்கு வாய்க்கால் முனையில் நிற்கிறேன்.

பெரியம்மா, 8.47
எல்லாவற்றையும் படித்தேன். வடக்கு மூலையில் உங்கள் பாட்டி வைத்த முருங்கை இருக்கிறதே, நேற்றுகூட அதன் கீரையைத்தான் பறித்துச் சமைத்தேன்.

நான், 8.49
பெரியம்மா, ஞாயிறு வரை பறிக்காதீர்கள். அந்த மரத்தடி மண்ணையும் இலையையும் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.