‘கருவத் தொகுதி’ வேண்டாம், ‘காழ்த்தொகுதி’ ஆகுமா?

ஐயா, வணக்கம்.

மெட்டமார்ஃபிக் கோர் காம்ப்ளெக்சுக்கு, அதாவது பூமியின் மேலோடு இழுபட்டதால் ஆழத்திலிருந்து மேலே வந்து தெரிகிற உருமாறிய பாறைகளுக்கு, நீங்கள் தந்த ‘உருமாறிய கருவத் தொகுதி’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிப் புத்தகத்தில் கருவம் என்றால் பூமியின் நடு, 2,900 கி.மீ.க்குக் கீழே. இந்தப் பாறைகளோ மேலோட்டுக்குள்ளேயே, பத்துப் பதினைந்து கி.மீ. ஆழத்திலிருந்து வந்தவை. மாணவர் குழம்பிவிடுவார்.

கலிஃபோர்னியாவின் விப்பிள் மலையைப் பாருங்கள். மேலே செம்பழுப்பு எரிமலைப் பாறையும் படிவுப் பாறையும் சாய்ந்து கிடக்கும். கீழே மைலோனைட்டு என்ற சாம்பல் நிறப் பாறை, சூட்டில் இளகி ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுபட்ட வரிகளோடு. இரண்டுக்கும் நடுவே, தூரத்திலிருந்தே தெரிகிற ஒரு கோடு. அதை ஒட்டிக் கீழே குளோரைட்டு என்ற கனிமம் ஏறிப் பச்சையாகி நொறுங்கிய பாறை. அந்தக் கோடுதான் டிடாச்மென்ட் ஃபால்ட், மேல் பாறை கீழ்ப் பாறையை விட்டு நழுவிய பிளவு. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலோடு இழுபட்டபோது கோட்டுக்கு மேலுள்ள பாறை, அதாவது மேல்தட்டு, அதன்மேல் ஏறத்தாழ 40 கி.மீ. நழுவியிருக்கிறது. பாரம் இறங்க இறங்கக் கீழ்த்தட்டு புடைத்து எழுந்தது.

ஆக, நடந்தது உரிதல். அதனால் ‘உரிவுப் பிளவு’ என்கிறேன். அகராதியைப் புரட்டினால் டிடாச்மென்டுக்குப் ‘பற்றின்மை’ வருகிறது. பாறைக்குத் துறவறம் வேண்டாம்! கண் மருத்துவத்தின் ‘விலகல்’ பரவாயில்லை, ஆனால் எந்தப் பிளவில்தான் பாறை விலகவில்லை? (ஃபால்டுக்குப் பிளவா, பிளவுப்பெயர்ச்சியா என்ற பழைய வழக்கு இப்போது வேண்டாம்.)

அடுத்து, கருவத்துக்கு மாற்று. பட்டை உரிந்தால் தெரிவது மரத்தின் வயிரம், உள்ளிருக்கும் கெட்டிப் பகுதி. வயிரம் என்று வைத்தால் நிலவியலில் ரத்தினக்கல் ஆகிவிடும். அதன் பழைய பெயர் காழ். தொல்காப்பியம் மரத்தையும் புல்லையும் பிரிப்பதே காழ் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்துத்தான். ‘உருமாறிய காழ்த்தொகுதி’ எனலாம். காழ்ப்புணர்ச்சி நினைவுக்கு வரும் என்பீர்கள், வரட்டும், பழகிவிடும்.

ஒரு சிக்கல் மட்டும் எனக்குத் தீரவில்லை. டெக்கோல்மோன் என்ற பிரெஞ்சுச் சொல்லும் ஏறக்குறைய இதே பொருள்தான், பசை விட்டுப் பெயர்வது. ஆனால் அது மடிப்பு மலைகளில், அமுக்கத்தாலும் வரும். உரிவு என்பதை மேலோடு இழுபடும் நீட்சிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, டெக்கோல்மோனுக்கு வேறு சொல் தேடலாமா? ‘ஒட்டறு தளம்’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?